துள்ளலுக்கு ஒரு சொல்

ஆங்கில அகராதியில் 'கர்வெட்' என்றொரு வினைச்சொல் உண்டு. ஆங்கிலம் நன்கறிந்தவர்களிலும் பலர் அதனைக் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்டவர்களும் ஏதேனும் ஒரு பழைய கவிதையில் அதனைக் கண்டு, பொருளை ஒருவாறு ஊகித்துக்கொண்டு, அப்பாற் சென்றிருப்பார்கள். குதிரை தன் முன்னங்கால்கள் இரண்டையும் ஒருசேர உயர்த்தி, அவை மீண்டும் நிலத்தைத் தொடுமுன்னர்ப் பின்னங்கால்களாலும் எழும்பித் துள்ளுவதே அச்சொல் குறிக்கும் செயல். வழி கடப்பதற்காகவோ, வேலி தாண்டுவதற்காகவோ குதிரை இதனைச் செய்வதில்லை. இத்துள்ளலால் அது கடக்கும் தூரம் மிகச் சிறிது. வண்டிக்காரனுக்கும் உழவனுக்கும் தபால் சுமந்தவனுக்கும் இதனால் ஒரு காசும் பயனில்லை.

பயனற்றதாகத் தோன்றும் இச்செயலுக்கென்று தனிச்சொல் ஒன்று ஏன் வேண்டியிருந்தது? அதனை வேண்டியவர்கள் யார்? பின்னர் அது ஏன் மறந்துபோயிற்று? இக்கேள்விகளைத் தொடர்ந்து செல்வோமாயின் அரண்மனைகளையும் லாயங்களையும் கடந்து, ஈராயிரம் ஆண்டுகளாக நடந்துவந்த ஒரு வழக்கின் நடுவே போய் நிற்கிறோம். ஓர் உயிரை அடித்து ஆடவைப்பதா, இணங்குவித்து ஆடவைப்பதா என்பதே அவ்வழக்கு.

வடநாட்டு நகரங்களில் குடியேறி வாழும் நேயர்கள், திருமண மாதங்களில் மணமகன் ஊர்வலத்தோடு வரும் குதிரை, மேளத்தின் அடிக்கு ஏற்பக் கால் மாற்றி ஆடுவதைக் கண்டிருக்கலாம். மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளை அவ்வாறு பழக்கும் வழக்கம் இராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் இன்றும் உண்டு. தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குப் பொய்க்கால் குதிரையாட்டம் நினைவிருக்கும். அங்கே துள்ளுவது குதிரையன்று. குதிரைக் கூட்டினை இடுப்பில் தாங்கி, மரக்காலின்மேல் நிற்கும் மனிதன். ஆயினும் அவன் காட்ட முயல்வது இந்தத் துள்ளலையே.

தமிழுக்கு இவ்வகையில் சொற்பஞ்சம் இல்லை. துள்ளல், பாய்ச்சல், தாவல், எகிறல் எனப் பல சொற்கள் நம்மிடம் உள்ளன. 'குதிரை' என்னும் பெயரையே 'குதி' என்னும் வினையடியோடு சேர்த்துப் பொருள் காண்பார் உளர். 'பரி' என்பதோ குதிரைக்கும் பெயர். அதன் ஓட்டத்திற்கும் பெயர். கலிப்பாவின் ஓசைக்கு நம் இலக்கணிகள் துள்ளல் என்றே பெயரிட்டனர். ஆங்கிலேயருடைய 'கர்வெட்' அவ்வாறு வீட்டிலே பிறந்த சொல் அன்று. அது கடல் கடந்து வந்தது. வளைவு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து 'கொர்வெத்தா' என்னும் இத்தாலியச் சொல் பிறந்தது. துள்ள எழும் குதிரையின் உடல் வில்லென வளைவதை நினைந்து அப்பெயர் இட்டனர் போலும். பிரெஞ்சுக்காரர் நாவில் அது 'கூர்பெத்' ஆயிற்று. ஆங்கிலேயர் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதனைக் கடன் பெற்றுக்கொண்டனர். சொல் மட்டும் தனியே வரவில்லை. ஆசான்கள் வந்தனர், நூல்கள் வந்தன, கடிவாளங்கள் வந்தன. அவற்றோடு சவுக்கும் வந்தது.

ஆனால் கதையின் தொடக்கம் இத்தாலியன்று, கிரேக்க நாடு. சாக்ரட்டீசின் மாணவராயும் போர்த்தலைவராயும் வரலாற்றாசிரியராயும் விளங்கிய செனபோன், கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அது இன்றும் நமக்குக் கிடைக்கிறது. அக்காலத்துக் கிரேக்கருக்கு அங்கவடி கிடையாது. ஆணியடித்துப் பொருத்தும் லாடமும் கிடையாது. குளம்பு இறுகுவதற்காகக் கூழாங்கல் பரப்பிய முற்றத்திலே குதிரையை நிறுத்தும்படி அவர் யோசனை கூறுகிறார். இத்தகைய நடைமுறைச் செய்திகளே நூலில் பெரும்பகுதி. இறுதியை நெருங்கும்போது மட்டும் அவருடைய நடையில் ஓர் உவகை புகுந்துவிடுகிறது. விழாக்காலத்தில் பவனி வரும் குதிரையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். பின்னங்கால்களை உடலின்கீழ் வாங்கி மடித்து, முன்னுடலை உயர்த்தி எழும் குதிரையைக் கண்டவர் கண்ணெடுக்க மாட்டார் என்றும், தெய்வங்களையும் வீரர்களையும் ஓவியர் அத்தகைய குதிரைமேல் அமர்த்தியே எழுதுவர் என்றும் சொல்கிறார். ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினன் கோயிலின் சிற்ப வரிசையில் எழுந்து பாயும் குதிரைகளை மனத்திற்கொண்டு பார்த்தால் அவர் கூற்று மிகையன்று என்பது விளங்கும்.

அவர் அதனோடு நிற்கவில்லை. கட்டாயத்தின்கீழ்க் குதிரை எதைச் செய்தாலும் அது விளங்கிச் செய்வதாகாது, அழகும் ஆகாது என்பது அவர் துணிபு. நாட்டியமாடுபவனைச் சவுக்கால் அடித்தும் முள்ளால் குத்தியும் ஆடச் செய்தால் எத்தகைய ஆட்டம் கிடைக்குமோ, அத்தகையதே அதுவும் என்று உவமை காட்டுகிறார். தானே மகிழ்ந்து, தன் அழகைத் தானே காட்ட விரும்பும் நிலைக்குக் குதிரையைக் கொண்டுவருதலே வித்தை என்பது அவர் கருத்து. மனிதர்களில் ஒரு பகுதியினரையே அடிமைகளாக வைத்திருந்த ஒரு சமுதாயத்தில் வாழ்ந்தவர், விலங்கின் இசைவை இவ்வளவு பெரிதாக எண்ணினார் என்பது வியப்புக்குரியது. அவருக்கே இம்முரண் தோன்றியதாகத் தெரியவில்லை.

செனபோனுக்குப் பின் ஏறத்தாழ 1900 ஆண்டுகள் கழித்து, 1550ஆம் ஆண்டில், நேப்பிள்ஸ் நகரத்துப் பிரபுவான பெடரிகோ கிரிசோனே குதிரைப் பயிற்சி பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஐரோப்பா முழுவதும் அதனைப் போற்றிற்று. பல மொழிகளில் பெயர்த்தது. துள்ளல்களையும் சுழற்சிகளையும் முறைப்படுத்தி, அவற்றை ஒரு கல்வியாக ஆக்கிய பெருமை கிரிசோனேயைச் சேரும். ஆனால் அவர் கூறும் தண்டனைகளைப் படிக்கும்போது உடல் நடுங்குகிறது. முரண்டு பிடிக்கும் குதிரையின் கால்களுக்கிடையே, நீண்ட கோலில் உயிருள்ள பூனையைக் கட்டி நீட்டுதல், வாலின்கீழ் முள்ளெலியைக் கட்டுதல், பின்புறத்தில் வைக்கோலைக் கொளுத்திக் காட்டுதல் என அவை நீள்கின்றன. செனபோனின் கிரேக்க நூல் அதற்கு முன்னரே அச்சேறியிருந்தது. ஆக, மென்மையான வழி தெரியாமற் போனமையால் நேர்ந்த கொடுமை இது என்று சொல்வதற்கில்லை. காலம் முன்னேற முன்னேற மனிதன் இரக்கத்திலும் முன்னேறுகிறான் என்று நம்புபவர்களுக்கு, இந்த 1900 ஆண்டுக் கணக்கு சிறிது இடர் தரக்கூடியது.

கிரிசோனேயின் நூலைத் தழுவித் தாமஸ் பிளண்டெவில் என்பார் 1560ஐ ஒட்டி ஆங்கிலத்தில் ஒரு நூல் செய்து, முதலாம் எலிசபெத் அரசியின் லாயங்களுக்கு அதிபதியாயிருந்த ராபர்ட் டட்லிக்குக் காணிக்கையாக்கினார். இத்தாலிய வித்தை ஆங்கிலப் பிரபுக்களின் மோகமாயிற்று. கவிஞர் பிலிப் சிட்னி இளமையில் வியன்னாவுக்குச் சென்று, பேரரசரின் லாயத்தில் இருந்த புல்யானோ என்னும் இத்தாலிய ஆசானிடம் குதிரையேற்றம் பயின்றார். பின்னாளில் கவிதையின் சார்பாக வாதாடி எழுதிய நூலை அந்த ஆசானைப் பற்றிய ஒரு கதையோடுதான் அவர் தொடங்குகிறார். புல்யானோ குதிரையின் மேன்மைகளை அடுக்கிய வேகத்தில், தாம் சிறிது தருக்கம் படித்திராவிட்டால் குதிரையாகவே பிறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருப்பாராம்! எந்தக் கலைஞனும் தன் கலையே உலகிற் சிறந்தது என்று சொல்வான் என்பதை எள்ளி நகையாடவே சிட்னி இக்கதையைச் சொன்னார். எனினும் அக்கலை அன்று எவ்வளவு மதிப்போடு விளங்கியது என்பதற்கும் இது சான்றாகிறது.

ஷேக்ஸ்பியர் 1593இல் வெளியிட்ட 'வீனஸ் அண்ட் அடோனிஸ்' என்னும் காவியத்தில், கட்டினை அறுத்துக்கொண்டு ஓடும் குதிரையொன்று இச்சொல்லின்படியே துள்ளுகிறது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப்பின் எழுதிய 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்திலோ துள்ளுவது குதிரையன்று, ஒரு பெண்ணின் நாக்கு. தோழி சொல்லத் தொடங்கிய செய்தியை முடிக்கவிடாமல் இடையிடையே பேசும் கதாநாயகியின் நாவை, அவ்வினைச்சொல்லாலேயே அத்தோழி கண்டிக்கிறாள். குதிரைக்காரர் நாவிலிருந்து வந்த ஒரு கலைச்சொல், நாடகம் பார்க்க வந்த பொதுமக்கள் கேட்டுச் சிரிக்கும் அளவுக்குச் சில ஆண்டுகளிலேயே பரவிவிட்டது.

மீண்டும் நேப்பிள்ஸுக்கு வருவோம். கிரிசோனேயின் கடுமைக்கு மாற்றும் அந்நகரத்திலேயே தோன்றிற்று. பின்யாத்தெல்லி என்னும் ஆசான், வாயைக் கிழிக்கும் கடிவாளங்களை ஒதுக்கி, எளிய கடிவாளங்களைக் கையாண்டார். அவரிடம் பயின்ற பிரெஞ்சுக்காரரான அந்துவான் டி புளுவினெல், இரு தூண்களுக்கிடையே குதிரையை நிறுத்திச் சிறிது சிறிதாகத் துள்ளல் பழக்கும் முறையைப் பரப்பினார். சவுக்கை அவர் முற்றும் துறந்தவர் அல்லர். ஆனால் அதனைக் கடைசிக் கருவியாக வைத்துக்கொண்டு, தட்டிக்கொடுத்தலையும் இன்சொல்லையும் முதற்கருவிகளாகக் கொண்டார். இளங்குதிரையின் இயல்பான பொலிவை ஒருமுறை கெடுத்துவிட்டால் அதனை மீட்க இயலாது என்பது அவர் கொள்கை. பதின்மூன்றாம் லூயி மன்னனுக்கு அவரே குதிரையேற்ற ஆசான். மன்னனும் ஆசானும் உரையாடுவதுபோல் அமைந்த அவருடைய நூல், அவர் மறைந்தபின் 1623இல், கண்ணைப் பறிக்கும் செப்புத்தகட்டுப் படங்களோடு வெளிவந்தது.

அதற்கு முன்னரே, 1612 ஏப்ரலில், அம்மன்னனுக்கும் ஸ்பானிய இளவரசிக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டதைக் கொண்டாடப் பாரிஸ் நகரத்து அரச சதுக்கத்தில் மாபெரும் விழா ஒன்று நடந்தது. புளுவினெல் அமைத்த குதிரை நாட்டியம் அதன் சிறப்பு. இசைக்கு ஏற்பக் குதிரைகள் எழுந்தும் துள்ளியும் வட்டமிட்டன. மணமகனுக்கு அப்போது வயது பத்து.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். இத்துள்ளல்கள் யாவும் போர்க்களத்திற்காகத் தோன்றியவை, எதிரியின் காலாட்களை உதைத்துத் தள்ளவே குதிரைக்கு இவை கற்பிக்கப்பட்டன என்று பல நூல்கள் சொல்கின்றன. நமக்கு அது ஏற்புடையதாகப் படவில்லை. ஈட்டிகள் அடர்ந்த களத்தில் பின்னங்கால்மேல் எழும் குதிரை தன் வயிற்றைப் பகைவனுக்குக் காட்டி நிற்கிறது. துப்பாக்கி வந்தபின் அது மேலும் எளிய இலக்கு. தவிரவும், இவ்வித்தை உச்சநிலை அடைந்த காலம், கவசமணிந்த குதிரைவீரனின் ஆதிக்கம் தளர்ந்துபோன காலமே. போரில் அவனுடைய இடம் சுருங்கச் சுருங்க, அரண்மனை முற்றத்தில் அவன் குதிரை உயர உயர எழும்பியது என்றே சொல்லத் தோன்றுகிறது.

அரசர்களுக்கு வேறொரு பயன் இருந்தது. கட்டுக்கடங்காத வலிமையின்மேல் பதறாமல் அமர்ந்திருப்பவன் நாட்டையும் அவ்வாறே ஆள்வான் என்று குடிகள் கருதவேண்டும். மாட்ரிட் அரண்மனைக்காக வெலாஸ்கெஸ் எழுதிய ஓவியங்களுள் ஒன்றில், ஸ்பானிய இளவரசன் பல்தசார் கார்லோஸ் பாயும் குட்டைக் குதிரைமேல் வீற்றிருக்கிறான். ஐந்தாறு வயதுக் குழந்தை. ஒரு கையில் கடிவாள வார், மறு கையில் படைத்தலைவனுக்குரிய கோல். முகத்தில் அச்சத்தின் சாயலே இல்லை. அவன் அரசாளவில்லை, பதினேழு வயது நிறையுமுன் இறந்துபோனான்.

அவன் தந்தை நான்காம் பிலிப்புக்கோ வெண்கலச் சிலையே வேண்டியிருந்தது. குதிரை இரு பின்னங்கால்களில் எழுந்து நிற்கவேண்டும் என்பது கட்டளை. அதற்கு முன்னர் அத்தனை பெரிய அளவில் எவரும் அதனைச் செய்து முடித்ததில்லை. லியோனார்டோ டா வின்சி மிலான் பிரபுவுக்காக எழுந்து பாயும் குதிரையொன்றை முதலில் எண்ணி, பின்னர் நடக்கும் குதிரையாக மாற்றிக்கொண்டார். அதற்கும் களிமண் உருவம் மட்டுமே முடிந்தது. 1499இல் மிலானைக் கைப்பற்றிய பிரெஞ்சு வில்லாளிகள் அதனை இலக்காக வைத்து எய்து பாழாக்கினர். பிலிப்பின் சிலையை வார்த்தவர் பிளாரன்ஸ் நகரத்துச் சிற்பி பியெத்ரோ தாக்கா. சிலையின் பின்பகுதியைக் கனமாகவும் முன்பகுதியை உள்ளீடற்றதாகவும் வார்க்கும்படி யோசனை சொன்னவர் கலிலியோ என்பது வழிவழியாக வரும் செய்தி. 1640இல் முடிந்த அச்சிலை இன்றும் மாட்ரிட் நகரில், தரையைத் தொடும் வாலையும் துணையாகக் கொண்டு, எழுந்தவாறே நிற்கிறது.

பாயும் குதிரைமேல் ஆளும் வீரனை அமர்த்திப் பார்க்கும் ஆசை ஐரோப்பியருக்கே உரியதன்று. கிரிசோனே நூலெழுதிய அதே நூற்றாண்டில், விஜயநகரப் பேரரசின் சிற்பிகள் கோயில் மண்டபத் தூண்களில் எழுந்து பாயும் குதிரைகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஹம்பியின் விட்டலர் கோயிலிலும், வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்திலும், திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்திலும் அவற்றைக் காணலாம். வெண்கலத்தில் இரு கால்மேல் நிறுத்துவதற்கு ஐரோப்பியர் பட்ட பாட்டை, நம் சிற்பிகள் வேறு வழியில் தீர்த்துக்கொண்டார்கள். குதிரையைத் தூணோடு ஒன்றாகவே செதுக்கினார்கள். உயர்ந்த முன்னங்கால்களின்கீழ் வேடரும் வீரரும் வேங்கையுமாக ஓர் உலகத்தையே நிறைத்து, அதனையே தாங்குதலாக்கினார்கள். இரு நாட்டாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார்கள் என்பதற்கில்லை. தேவை ஒன்று, ஆகவே உருவும் ஒன்று.

நம் நாட்டில் அத்தேவை மேலும் கூர்மையானது. தென்னாட்டுத் தட்பவெப்பத்தில் நல்ல போர்க்குதிரை பெருகவில்லை. அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கப்பலில் வரவேண்டியிருந்தது. பட்டினப்பாலைக் காலத்திலேயே காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் கடல்வழி வந்து இறங்கின. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, வாங்கிய குதிரைகள் பேணுவாரின்றி மடிந்தன என்றும், லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் அறிந்தவர்களை வணிகர் இங்கே வரவிடாமல் தடுத்தனர் என்றும் எழுதினார். குதிரை செத்தால்தானே மறு வியாபாரம்! விஜயநகரத்தைப் பற்றி 1535ஐ ஒட்டி எழுதிய போர்ச்சுகீசியர் பெர்னாவோ நூனிஸ் கூறுவது இன்னும் விந்தையானது. சாளுவ நரசிம்மன் ஆயிரம் பர்தாவோ பொன்னுக்கு மூன்று குதிரை என்று விலை பேசினானாம். கடலில் இறந்த குதிரைக்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாலே போதும், உயிருள்ள குதிரைக்குரிய பணம் கிடைத்ததாம். தம் காலத்து அரசன் ஹோர்மூஸ் குதிரைகளும் நாட்டுக் குதிரைகளுமாக ஆண்டுதோறும் 13,000 வாங்கினான் என்றும் அவர் எழுதுகிறார். திருவரங்கத்துக் கற்குதிரையின் முன்னே நிற்கையில், அத்துள்ளலுக்குப் பின்னால் இத்தனை வால்களும் இருக்கின்றன என்பதை மறப்பதற்கில்லை.

துள்ளலுக்குப் பெயரிடுவதில் நம் முன்னோர் ஐரோப்பியருக்குப் பல நூற்றாண்டு முந்தியவர்கள். தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்திற்கு அளித்த ஓலைச்சுவடியிலிருந்து, சாமசாஸ்திரியார் 1909இல் அச்சிட்டு உலகறியச் செய்த கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்தில், குதிரைகளின் அதிகாரியைப் பற்றிய ஓர் அத்தியாயம் உண்டு. அதில் பாய்ச்சல் மட்டுமே ஏழு வகையாகப் பிரிக்கப்படுகிறது. குரங்குப் பாய்ச்சல், தவளைப் பாய்ச்சல், ஒற்றைக்காற் பாய்ச்சல், குயிலின் தத்தல், கொக்கின் தத்தல் என்றெல்லாம் அவற்றுக்குப் பெயர். அமரகோசம் கூறும் ஐந்து கதிகளில் இறுதியானது 'ப்லுதம்', அதாவது தாவுதல். தமிழ் மரபிலும் மயில், குரங்கு, அம்பு முதலியவற்றின் பெயரால் குதிரையின் கதிகள் ஐந்தாக எண்ணப்பட்டன. இத்தாலியர் குதிரையின் உடலிலே வளைவைக் கண்டு பெயரிட்டனர். நம்மவர் ஒரு விலங்கின் அசைவில் மற்றொரு விலங்கைக் கண்டு பெயரிட்டனர். எது நுட்பமானது என்று தீர்ப்புச் சொல்ல நாம் முற்படவில்லை. ஆனால் தவளையையும் கொக்கையும் உற்றுநோக்காதவன் அப்பெயர்களை இட்டிருக்க முடியாது.

ஆங்கில நாட்டுக்குத் திரும்புவோம். இச்சொல்லையும் அது குறித்த வித்தையையும் ஒருங்கே தம் உயிராகக் கொண்ட கடைசிப் பெருமகன் வில்லியம் காவெண்டிஷ். பிற்காலத்தில் நியூகாசில் கோமகன். உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்று, 1644 ஜூலையில் மார்ஸ்டன் மூர் களத்தில் தோற்றதும், கப்பலேறி நாட்டைவிட்டு வெளியேறினார். ஆன்ட்வெர்ப் நகரில் ஓவியர் ரூபென்ஸ் வாழ்ந்த இல்லத்தில் குடியிருந்தார். செல்வம் போயிற்று, கடன் பெருகிற்று. ஆயினும் அங்கேயே குதிரைப் பள்ளி ஒன்றை நடத்தி, 1658இல் பிரெஞ்சு மொழியில் பெரியதொரு நூலையும் வெளியிட்டார். அதன் படங்களுள் ஒன்றில், அவர் சிறகுடைய குதிரைமேல் ஏறி வானுலகம் செல்ல, கீழே குதிரைகள் மண்டியிட்டு வணங்குகின்றன. அடக்கம் அவருடைய குணங்களுள் ஒன்றன்று. ஆனால் நாடும் நிலமும் இழந்து அயலூரில் நாள் கழித்தவர், தம்மிடமிருந்து எவரும் பறிக்க முடியாததாக எஞ்சிய வித்தையை இறுகப் பற்றிக்கொண்டார் என்பதை ஊர்விட்டு வந்த நாம் எளிதில் உணரலாம். 1660இல் முடியாட்சி மீண்டதும் அவர் நாடு திரும்பினார். நாடோ மாறியிருந்தது.

ஆங்கிலப் பிரபுக்களின் உள்ளம் நரிவேட்டையிலும் குதிரைப் பந்தயத்திலும் சென்றது. கிழக்கு நாடுகளிலிருந்து கொண்டுவந்த ஆண்குதிரைகளின் வழியே, வேகம் ஒன்றையே குறியாகக் கொண்ட புதிய பந்தயக் குதிரை இனம் உருவாயிற்று. வெட்டவெளியில் காதங்கணக்காகப் பாய்ந்தோடுவதே இன்பம் என்றான பிறகு, நின்ற இடத்தில் துள்ளும் குதிரையை யார் பார்ப்பார்? வித்தை மறைந்தது, சொல் மட்டும் கவிதையிலும் வரலாற்று நவீனங்களிலும் தங்கியது. பிரான்சில் லா கெரினியேர் 1733இல் முடித்த தம் பெருநூலில், பொறுமையும் படிப்படியான பயிற்சியுமே வழி என்று புளுவினெலின் கொள்கையை முழுமையாக்கினார். அங்கும் புரட்சி வந்தது. வெர்சேல்ஸ் அரண்மனைப் பள்ளி 1830இல் மூடப்பட்டது. சோமூர் நகரத்துக் குதிரைப்படைப் பள்ளியில் துள்ளல்களில் சில, வேறு வடிவில், பிழைத்துக்கொண்டன.

வித்தை முழுமையாகத் தங்கிய இடம் வியன்னா. சிட்னி பாடம் கேட்ட அதே நகரம். அங்குள்ள ஸ்பானியக் குதிரைப் பள்ளியைப் பற்றிய சான்று 1572இலேயே கிடைக்கிறது. ஸ்பானியக் குதிரைகளைக் கொண்டு தொடங்கியமையால் அப்பெயர். 1580இல் லிபிட்சா என்னும் ஊரில் அரச குடும்பத்தார் குதிரைப் பண்ணை ஒன்றை நிறுவினர். அவ்வூர் இன்று சுலோவேனியா நாட்டில் இருக்கிறது. அங்கு உருவான லிபிட்சானர் இனக் குட்டிகள் பிறக்கும்போது கருமையாக இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல வெண்மையாகும். ஆறாம் சார்லஸ் பேரரசர் கட்டுவித்த, 1735இல் முடிந்த வெண்ணிற மண்டபத்தில் இன்றும் அவை ஆடுகின்றன. உள்ளே நுழையும் வீரர்கள் தொப்பியைக் கழற்றி அப்பேரரசரின் படத்தை வணங்குகிறார்கள்.

1945ஆம் ஆண்டு மார்ச்சில் வியன்னாவின்மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது, பள்ளியின் தலைவர் பொட்ஹாய்ஸ்கி ஆண்குதிரைகளை மேல் ஆஸ்திரியாவிலுள்ள ஒரு சிற்றூருக்குக் கொண்டுசென்றார். இனத்தின் பெண்குதிரைகளோ செக்கோசுலோவாக்கியாவில் ஹோஸ்டாவ் என்னும் ஊரில் சிக்கியிருந்தன. ஊருக்கே உணவில்லாத அந்நாட்களில் குதிரையும் உணவாகக்கூடும். மே 7ஆம் நாள், அமெரிக்கத் தளபதி பேட்டன் முன்னிலையில் பொட்ஹாய்ஸ்கி தம் குதிரைகளை ஆடச் செய்து, ஆட்டத்தின் முடிவில் பள்ளிக்குப் பாதுகாப்பு வேண்டி நின்றார். பாதுகாப்புக் கிடைத்தது. பெண்குதிரைகளையும் அமெரிக்கப் படையினர் மீட்டுத் தந்தனர். பத்து ஆண்டுகள் கழித்து, 1955இல், பள்ளி வியன்னாவுக்குத் திரும்பியது. யாருக்கும் பயன்படாத துள்ளல் என்று தொடக்கத்தில் சொன்னோமே, அத்துள்ளலே அன்று அக்குதிரைகளின் உயிரைக் காத்தது.

2008இல் முதன்முறையாகப் பெண்களும் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டார்கள். 2015இல் யுனெஸ்கோ நிறுவனம் இப்பள்ளியின் குதிரையேற்றக் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. இன்று அங்கே மூன்று நிலைகளைச் சிறப்பாகக் காட்டுகிறார்கள். பின்னங்கால்களை ஆழ மடித்து முன்னுடலை உயர்த்தி அசையாது நிற்பது ஒன்று. அதற்கு 'லெவாட்' என்று பெயர். அவ்வாறு எழுந்தபடியே, முன்னங்கால் நிலந்தொடாமல், பின்னங்கால்களால் பலமுறை தாவுவது மற்றொன்று. நம் 'கர்வெட்'டின் பிரெஞ்சு உறவான 'கூர்பெத்' என்னும் பெயர் இப்போது இதற்கே வழங்குகிறது. உடல் முழுவதும் வானில் எழ, உச்சியில் பின்னங்கால்களை உதைத்து நீட்டுவது 'காப்ரியோல்'; அப்பெயர் ஆட்டின் துள்ளலிலிருந்து வந்தது. ஆக இத்தாலியரும் ஒருமுறையேனும் மற்றொரு விலங்கைப் பார்த்தே பெயரிட்டிருக்கிறார்கள்.

இம்மூன்றையும் எல்லாக் குதிரைக்கும் கற்பிப்பதில்லை. பல ஆண்டு அடிப்படைப் பயிற்சிக்குப் பிறகும் மிகச் சிலவே இதற்குத் தெரிந்தெடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு குதிரையும் எந்தத் துள்ளலைத் தன் இயல்பாகவே விரும்புகிறது என்பதை ஆசான் காத்திருந்து பார்க்கிறார். பார்த்த பின்னரே, அந்த ஒன்றை மட்டும் அதற்குப் பாடமாக்குகிறார்.